‘நிச்சயமாக’ என்று அவர் சொல்லவில்லை

பாஸ்டன்
9 டிசம்பர் 1934

ஷிபேலுக்கு,

தம்பி செத்துப்போன செய்தியை நீ எழுதியிருந்தாய். அவன் எப்படிச் செத்தான் என்பதை நான் பேப்பரில் படிக்க வேண்டியிருந்தது. சித்தப்பா மகள் ஒனோரா நம் பக்கத்துச் செய்தித்தாளில் வந்ததை வெட்டி அனுப்பினாள். உன் கடிதத்தில் மூன்றே வரி. படகு கவிழ்ந்தது, ஃபெகீன் போய்விட்டான், மார்கஸ் பிழைத்துக்கொண்டார். இதற்கு மேல் எழுத உனக்குக் கை வரவில்லை என்று நானும் நம்பினேன்.

பேப்பரில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். மரண விசாரணையில் அதிகாரி கேட்கிறார், உன் புருஷன் மார்கஸ் பதில் சொல்கிறான்.

இறந்தவரின் கையைப் பிடித்திருந்தீர்களா? நிச்சயமாகப் பிடித்திருந்தேன்.

பிறகு விட்டுவிட்டீர்களா? நிச்சயமாக விட்டேன்.

அவருக்கு நீந்தத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியுமா? நிச்சயமாகத் தெரியும்.

நிலத்தைப் பற்றி உங்களுக்குள் சண்டை உண்டா? நிச்சயமாக உண்டு.

நாலு தடவை நிச்சயமாக, ஷிபேல். சந்தையில் ஆடு விற்றவன்கூட இவ்வளவு நிச்சயமாகப் பேச மாட்டான். ஃபெகீனுக்கு ஐந்து வயதில் அம்மா போனாள். அன்றிலிருந்து நான் கப்பல் ஏறும்வரை அவனுக்குத் தலை சீவி, உருளைக்கிழங்கு தோலுரித்து ஊட்டியது நான். அவன் கையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலில் ஒன்பது நாள் பிடித்திருக்கிறேன், விடவில்லை.

செப்டம்பரில் தம்பி எனக்கு ஒரு கடிதம் போட்டான். அது உனக்குத் தெரியாது. மேல் வயலில் கிழங்கு போடுவது யார் என்று தகராறு என்றும், ‘உன்னைக் கடலுக்கு அனுப்பிட்டுத்தான்டா அந்த வயல்ல கால் வைப்பேன்’ என்று சந்தையில் நாலு பேர் முன்னால் மார்கஸ் சொன்னதாகவும் எழுதியிருந்தான்.

செய்ய வேண்டியதை இன்று காலையில் செய்துவிட்டேன். என்னவென்று உனக்குத் தெரியவரும். உன்னை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உன்னால் எப்படிச் சாப்பிட முடிகிறது என்று மட்டும் யோசிக்கிறேன்.

நாப்லா


ரோஸ்நகீ
27 டிசம்பர் 1934

அக்காவுக்கு,

என்னவென்று தெரியவந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் போலீஸ் சார்ஜென்டும் அவருக்குக் கீழுள்ள கார்டு டெலனியும் வந்து மார்கஸைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கூட்டிப் போகும்போது அவர் அடுப்பில் கரிக்கட்டி போட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வரட்டுமா என்று அவர்களிடம் கேட்டார். கொலைகாரன் அப்படித்தான் கேட்பானோ என்னவோ, நீயே சொல்.

மூன்று வரி எழுதினேன் என்று குத்திக் காட்டுகிறாய். இப்போது முழுவதும் எழுதுகிறேன், வாங்கிக்கொள்.

தீவில் மேய விட்டிருந்த ஆடுகளைக் கொண்டுவர அன்று காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் போனார்கள். சண்டைக்காரர்கள் ஒரே படகில் ஏறுவார்களா, அதையும் யோசி. திரும்பும்போது ஒரு கிடாவின் கால்கட்டு அவிழ்ந்துவிட்டது. அது உதைத்த உதையில் படகின் அடியில் போர்த்திய தார்த்துணி கிழிந்து தண்ணீர் ஏறி, பாறைக்கு இந்தப் பக்கம் படகு புரண்டுவிட்டது. அவர் ஒரு கையைக் கவிழ்ந்த படகின் மேல் போட்டுக்கொண்டு, மறு கையால் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நவம்பர்க் கடல், அக்கா. நீ அதை மறந்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். கரையிலிருந்து படகு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. போனபோது அவர் மட்டும்தான் இருந்தார். அவர் விரல்களைப் படகிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம். தம்பியை ஐந்தாம் நாள் மணல்திட்டில் எடுத்தோம். முகத்தைப் பற்றி எழுதச் சொல்லாதே.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரிக்கு ஐரிஷ் தெரியாது. கார்டு டெலனி எழுந்து, தான் மொழிபெயர்ப்பதாகச் சொன்னார். கிழக்கே, ஆங்கிலம் பேசுகிற பக்கத்திலிருந்து வந்தவர். வகுப்பில் படித்துப் பரீட்சை எழுதி, ஐரிஷ் பேசுகிறவர் என்பதற்கு அடையாளமாகக் கோட்டில் பொன் வளையம் குத்தியிருப்பவர். நல்ல மனிதர். நம் மொழி மேல் நம்மைவிட அவருக்குத்தான் பக்தி அதிகம். அதுதான் வினையாகப் போயிற்று.

மார்கஸ் என்ன சொன்னார் என்று நான் என் காதால் கேட்டதை எழுதுகிறேன். கையை விட்டுட்டீங்களா என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது: “அர்நோ, விட்டேன். கடவுள் அவனுக்கு இரங்கட்டும். விரல்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல, பாத்துக்கங்க. என்னத்தச் சொல்ல.”

டெலனி முதல் சொல்லை ‘நிச்சயமாக’ என்று ஆக்கிவிட்டார். மற்றதெல்லாம் வெறும் பேச்சு என்று விட்டுவிட்டார். அவருடைய அகராதியில் அப்படித்தான் போட்டிருக்குமாம். அர்நோ என்றால் நிச்சயமாகவா? மாடு செத்தால் அர்நோ செத்துப்போச்சு என்கிறோம். மழை வந்தால் அர்நோ வந்துடுச்சு என்கிறோம். வேறென்ன செய்ய என்பதும் அதுதான், நம் கையில் என்ன இருக்கிறது என்பதும் அதுதான். சில சமயம் அது ஒன்றுமே இல்லை, வாய் திறக்கப் போகிறது என்பதற்கு ஒரு சத்தம். நீ இதை மறந்துவிட்டாயா? எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அந்த மனிதர் அர்நோ போடாமல் ஒரு வாக்கியம் பேசிக் கேட்டதில்லை. கோயிலில் இவளைக் கட்டிக்கொள்கிறாயா என்று சாமியார் கேட்டதற்கே அர்நோ கட்டிக்கிறேன் என்றுதான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

சந்தைப் பேச்சையும் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அனுப்புவேன் என்று அவர் சொன்னது உண்மை. அன்று சாயங்காலம் தம்பியே இங்கே உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு, மச்சான் எப்படி மூஞ்சியை வைத்துக்கொண்டு சொன்னார் என்று நடித்துக் காட்டினான். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவன் கடிதத்தில் எழுதவில்லை போலிருக்கிறது.

கையை ஏன் விட்டீர்கள் என்று இதுவரை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. பள்ளிக்கூடத்தில் அவர் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஷிபேல்


பாஸ்டன்
18 ஜனவரி 1935

ஷிபேலுக்கு,

ஆமாம், அந்தக் கடிதம் என்னுடையதுதான். தம்பியின் கடிதத்தையும் கூடவே வைத்து அனுப்பினேன். உன் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. புருஷனைக் காப்பாற்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று நினைத்தேன். பதில் எழுதிவிட்டுக் கிழித்தேன். இரண்டு தடவை கிழித்தேன்.

இங்கே கரி கொண்டுவந்து போடுகிற ரூரி என்று ஒருவர் இருக்கிறார். நம்மைப் போல கானமாராக்காரர், நம் ஊருக்கு எட்டு மைல் தள்ளி. செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது சமையலறையில் நிறுத்தி, உன் கடிதத்தில் மார்கஸ் சொன்ன வரியை மட்டும் படித்துக் காட்டினேன். யார், என்ன என்று சொல்லவில்லை. இதைச் சொன்ன ஆள் எப்படிப்பட்டவன் என்று மட்டும் கேட்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். “யாரு செத்தது? தம்பியா, மகனா?” என்று கேட்டார். “பாவம், இந்த ஆளு இன்னும் தண்ணியிலதான் கிடக்கான்” என்றார்.

பிறகு பேப்பர்த் துண்டைக் காட்டினேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இவன் வேறு ஆள், இவனைத் தூக்கில் போடலாம் என்றார். இரண்டும் ஒரே ஆள் என்று சொன்னேன். கரி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அசிங்கமாக இருக்கிறது. பேப்பரில் அந்த ‘நிச்சயமாக’வைப் படித்தபோது அதற்குப் பின்னால் என்ன சொல் இருந்திருக்கும் என்று எனக்குக் கேட்டிருக்க வேண்டும். அம்மாவைப் புதைத்துவிட்டு வந்து அப்பா அடுப்படியில் நின்று அதைத்தானே சொன்னார். பதினைந்து வருடமாகக் காலையிலிருந்து ராத்திரி வரை நான் சமைக்கிற வீட்டில் ஆங்கிலத்திலேயே முட்டை வேண்டுமா, கறி வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு என் காது அவிந்துபோய்விட்டது. டெலனிக்காவது அது படித்த மொழி. எனக்கு அது தாய் கொடுத்த மொழி.

சார்ஜென்டுக்கும் நீதிபதிக்கும் இன்றே எழுதிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், தம்பி எப்படிக் கேலியாக எழுதுகிறவன், எல்லாவற்றையும் எழுதினேன். நான் அவசரப்பட்டுவிட்டேன் என்றும் எழுதினேன். மார்கஸிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. சொன்னாலும் சொல், அது உன் இஷ்டம்.

நாப்லா


ரோஸ்நகீ
10 பிப்ரவரி 1935

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். உன் மேல் இருந்த ஆத்திரம் போய்விட்டது என்று நினைக்காதே. பாதி இருக்கிறது. மீதியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி நகரத்தில் வழக்கு. கொலை என்று போடவில்லை, அலட்சியத்தாலோ ஆத்திரத்தாலோ உயிர் போகச் செய்ததாகப் போட்டிருக்கிறார்கள். அதற்கே பத்து வருடம்வரை கொடுக்கலாமாம். அவருக்காகப் பேச ஒரு வக்கீலை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இளைஞர், கெட்டிக்காரர். அந்தச் சொல்லால் வந்த விபரீதத்தை நான் எடுத்துச் சொன்னதும் மேசையைத் தட்டினார். விஷயம் புரிந்துவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அவர் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? மார்கஸ் அந்தச் சொல்லையே சொல்லக் கூடாது. அது மட்டும் இல்லை. பாத்துக்கங்க கூடாது, சொல்லப்போனா கூடாது, என்னத்தச் சொல்ல கூடவே கூடாது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். வளவளவென்று பேசுகிறவனை ஜூரிகள் நம்ப மாட்டார்களாம். தம்பி பெயரைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் கடவுள் அவனுக்கு இரங்கட்டும் என்று போடுகிறாரே, அதுவும் வேண்டாம், நடிக்கிறான் என்று நினைப்பார்களாம். ஒரு தடவை சொன்னால் போதும் என்றார்.

வாரம் ஒரு நாள் நான் போய் அவரைப் பழக்க வேண்டும் என்று என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மாமியார் வீட்டுக்குப் போகிற பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பது போல நாற்பத்திரண்டு வயது மனிதருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். படகில் எத்தனை ஆடு இருந்தது என்று கேட்கிறேன். “அர்நோ...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்கிறார். உதட்டைக் கடிக்கிறார். தரையைப் பார்க்கிறார். ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணிவிடலாம். பிறகுதான் “மூணு” என்று வருகிறது. அந்தச் சொல் இல்லாமல் அவரால் வாசற்படி தாண்ட முடியவில்லை, அக்கா. போன வாரம் அவரே சிரித்துக்கொண்டு, “இதுக்குப் பதிலா என் காலை வெட்டியிருக்கலாம், ஷிபேல்” என்றார்.

இது சரியாக வருமா என்று எனக்குத் தெரியவில்லை. வக்கீல் படித்தவர், அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நீ என்ன நினைக்கிறாய் என்று உடனே எழுது. இங்கே கேட்க எனக்கு ஒருத்தரும் இல்லை. வெளியே போனால் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஷிபேல்


பாஸ்டன்
1 மார்ச் 1935

ஷிபேலுக்கு,

உன் கடிதம் பனிப்புயலில் மாட்டி நேற்றுத்தான் வந்தது. இதைக் கப்பல் புறப்படுவதற்குள் தபாலில் சேர்க்க வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அவரைப் பேச விடு. அவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசட்டும். வக்கீலிடம் போய்ச் சண்டை போடு. உனக்குச் சண்டை போடத் தெரியாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் போடு. மொழிபெயர்ப்பதற்கு டெலனி வேண்டாம், நம் பக்கத்து ஆள் வேண்டும் என்று கேள். அது ஒன்றைத்தான் கேட்க வேண்டும். மனுஷனுடைய வாயைக் கட்டிப் போட்டுவிட்டு நியாயம் கேட்க முடியாது. ரூரியும் இதைத்தான் சொல்கிறார். வாய் மூடிக்கொண்ட கானமாராக்காரனை எந்த ஊரிலும் நம்ப மாட்டார்கள் என்கிறார்.

இறந்தவன் பெயரை மொட்டையாகச் சொல்ல வைக்காதே. அவர் சொல்ல மாட்டார். நம்மில் யார் சொல்வார்கள்? நானே இங்கே, தனியாக, பாத்திரம் கழுவும்போதுகூட ஃபெகீன், கடவுள் அவனுக்கு இரங்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் கிளம்பி வரட்டுமா? வந்தால் என்னைச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்து எழுது. வேலையை விட்டுவிட்டு வருகிறேன்.

நாப்லா


ரோஸ்நகீ
20 மார்ச் 1935

அக்காவுக்கு,

உன் கடிதம் தீர்ப்புக்கு மறுநாள் வந்தது.

ஐந்து வருடம். கடுங்காவல்.

எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும், அதனால் எழுதுகிறேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாரோ ஒருத்தருடைய வழக்கைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது.

மொழிபெயர்க்க வந்தவர் டெலனி இல்லை. வக்கீல் கேட்டு, தீவுக்காரர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். வெள்ளைத் தாடி, நல்ல குரல், நம்முடைய பேச்சு அவருக்கு உள்ளும் புறமும் தெரியும். அவர் கையில் அர்நோ கிடைத்திருந்தால் அதை அவர் சரியாகக் கொண்டுபோய் இறக்கியிருப்பார். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மார்கஸ் நான் பழக்கியபடியே நடந்துகொண்டார். நல்ல பிள்ளை மாதிரி. கையைப் பிடித்திருந்தீர்களா என்று கேட்டார்கள். வாயைத் திறந்தார், மூடினார். கூண்டின் கட்டையைப் பார்த்தார். கடிகாரச் சத்தம் கேட்டது. “பிடிச்சிருந்தேன்” என்றார். விட்டுவிட்டீர்களா என்று கேட்டார்கள். இந்தத் தடவை இன்னும் அதிக நேரம். ஜூரியில் சிவந்த முகக்காரர் ஒருவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். “விட்டேன்” என்றார். அவ்வளவுதான். தீவுக்காரர் அதை ஆங்கிலத்தில் சொன்னார், அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்? அவர் ஒரு தடவை மார்கஸைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், பேசு என்பது போல. மார்கஸ் என்னைப் பார்த்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். அக்கா, நான்தான் வைத்தேன்.

நீ சொன்ன அந்தப் பெயர் விஷயமும் நடந்தது. கடவுள் இரங்கட்டும் என்பதை ஒரு தடவை சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அதைச் சொல்லக் கூடாது என்பதால் தம்பியின் பெயரையே அவர் சொல்லவில்லை. “அந்த ஆளு” என்றார். “மத்தவன்” என்றார். அரசாங்க வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனை, கூட ஒரே படகில் போனவனை, இந்த மனிதரால் பெயர் சொல்லிக்கூட அழைக்க முடியவில்லை என்றார். ஒவ்வொரு பதிலையும் இவர் யோசித்து, அளந்து, தேர்ந்தெடுத்துச் சொன்னதை நீங்களே பார்த்தீர்கள் என்று ஜூரியைப் பார்த்துச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ‘நிச்சயமாக’ என்று துணிச்சலாகப் பேசிய வாய் இப்போது ஏன் தடுமாறுகிறது என்று கேட்டார். வாயைக் கட்டிய வக்கீலை விட்டால், அதற்கு ஒரு பதில் இருக்கிறது என்று அந்த அறையில் எனக்கும் தீவுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

உன் முதல் கடிதம் போலீஸைக் கிளப்பிவிட்டது. உன் இரண்டாவது கடிதத்தை நீதிபதி கையில்கூட வாங்கவில்லை. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யாதவரின் காகிதம் செல்லாதாம்.

தீர்ப்பு சொன்னதும் என்ன சொல்ல விரும்புகிறாய் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

நீ வர வேண்டாம். வந்து என்ன செய்யப் போகிறாய்? உன்னை என் வாசலில் நிற்க வைத்து என்னால் உள்ளே கூப்பிட முடியுமா என்று தெரியவில்லை. இது கோபம் இல்லை. தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஷிபேல்


பாஸ்டன்
7 ஏப்ரல் 1935

ஷிபேல்,

எத்தனை தடவை உட்கார்ந்தாலும் எனக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வரவில்லை.

விரலை உதட்டில் வைத்தது நீ. அவரைக் கூண்டில் ஏற்றியது நான். இதில் உன்னுடைய பங்கை என் கணக்கில் சேர்த்துக்கொள். நீ அதைச் சுமக்க வேண்டாம். உன்னைத் தொட்டிலில் ஆட்டியதும் நான்தான், இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அந்த அம்மாவிடம், நான் சமைக்கிற வீட்டு அம்மாவிடம், என் தங்கை புருஷனைப் பற்றிச் சொன்னேன். விட்டேன் என்று அவரே ஒத்துக்கொண்டாரே, பிறகு என்ன என்று கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. பதினைந்து வருடம் கழித்து இப்போது போதவில்லை.

அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. நீ எப்போது எழுதினாலும் சரி. எழுதாவிட்டாலும் நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

அக்கா


ரோஸ்நகீ
14 அக்டோபர் 1935

அக்காவுக்கு,

உன் ஐந்து கடிதமும் வந்தன. கம்பளிக் காலுறையும் வந்தது. பதில் எழுதாததற்குக் காரணம் என்று தனியாக ஒன்றும் இல்லை. கிழங்கைத் தோண்டி முடித்தேன். ஆடுகளை விற்றுவிட்டேன். மேல் வயல் சும்மா கிடக்கிறது, யாரும் அதில் கால் வைக்கவில்லை.

போன வாரம் அவரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. ரயிலில் ஒரு நாள் போக வேண்டும். நீள மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். முடி வெட்டியிருந்தார்கள். உடம்பு மோசமில்லை. இருமல் இருக்கிறது. அரை மணி நேரம் கொடுத்தார்கள்.

நான் வழியெல்லாம் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு போனேன். இனி ஜூரி இல்லை, வக்கீல் இல்லை, அவர் பாட்டுக்குப் பேசலாம். பழைய மாதிரி ஒரு தடவை பேசிக் கேட்டுவிட்டு வந்தால் குளிர்காலம் முழுவதும் எனக்குப் போதும் என்று நினைத்தேன்.

“சாப்பாடு எப்படி?” என்று கேட்டேன்.

“பரவாயில்லை.”

“குளிருதா?”

“குளிருது.”

“ராத்திரி தூங்குறீங்களா?”

“தூங்குறேன்.”

நிறுத்தவும் இல்லை, தடுமாறவும் இல்லை. கேட்டதற்குப் பதில், அடுத்த கேள்விக்குக் காத்திருப்பது. வக்கீல் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இங்கே நான் அவருக்குக் கம்பி வழியாகச் சொல்லிக் கொடுத்ததை அங்கே அவர் நன்றாகவே படித்து முடித்துவிட்டார். யாரிடமும் பேசுவதில்லையாம். அந்தப் பகுதியில் ஐரிஷ் தெரிந்தவர்கள் யாரும் இல்லையாம். நான் ஊர்க் கதையெல்லாம் சொன்னேன். ஒனோராவுக்குப் பெண் பிறந்ததைச் சொன்னேன். டெலனி வேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டதையும், போகும்முன் என் வாசலுக்கு வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனதையும் சொன்னேன். “சரி” என்றார்.

ஐந்து நிமிடம் இருக்கிறது என்று காவலர் கைகாட்டினார். அப்போது நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று என்னைத் திட்டாதே. இத்தனை மாதமாகக் கேட்காமல் இருந்தவள்தான். பள்ளிக்கூடத்தில் அவர் சொன்னபோது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இப்போதும் சந்தேகத்தால் கேட்கவில்லை. அவர் வாயிலிருந்து அதை அன்றைக்குப் போல இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. அதைக் கேட்டாலாவது பழைய பேச்சு வருமோ என்று நினைத்தேன்.

“தம்பி கை தானா நழுவிச்சா, இல்ல நீங்க விட்டீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். கண்ணைத் தாழ்த்தவில்லை.

“விட்டேன்” என்றார்.

அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, அக்கா. பின்னால் ஒன்றும் இல்லை. நான் காத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து தோளைத் தொடும்வரை காத்திருந்தேன்.

வரும் வழியில் அதை எனக்குள்ளேயே பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லா விதமாகவும் வருகிறது, விரல் மரத்து விட்டது போலவும், வேண்டுமென்றே விட்டது போலவும். நீ கேட்டிருந்தால் உனக்கும் அப்படித்தான் வந்திருக்கும். பத்து வருடம் கூட வாழ்ந்த எனக்கே தெரியவில்லை என்றால், பாவம், ஜூரியிலிருந்த அந்தப் பன்னிரண்டு பேருக்கு என்ன தெரிந்திருக்கும்.

அடுத்த அனுமதி ஜனவரியில். போவேனா என்று எனக்குத் தெரியவில்லை.

ஷிபேல்